45 வயசுல ஸ்கூட்டி கத்துக்கலாமா? காளையார்கோவில் பக்கம் போய்ப் பார்த்தால் கேள்வியே வேற!

2023 தொடக்கத்தில் நடிகை மஞ்சு வாரியர் இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் எடுத்தார். சில வாரங்களிலேயே பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பைக் ஒன்றை வாங்கினார். 'துணிவு' படத்தில் உடன் நடித்த அஜித்தோடு லடாக் பக்கம் போன பைக் பயணம்தான் தூண்டுதல் என்று சொல்லி, அவருக்கு நன்றியும் சொன்னார். அந்த போட்டோ நம்ம டைம்லைன் முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கலாம். அப்போது அவருக்கு வயது 44. கமெண்ட் முழுக்க 'மாஸ்', 'செம', 'வயசு வெறும் நம்பர்தான்' என்று ஹார்ட்டுகள் பறந்தன.

அதே 44 வயதை அப்படியே தூக்கிவந்து சிவகங்கை மாவட்டம் காளையார்கோவிலில் வைத்துப் பாருங்கள். இருபது லட்சத்தைத் தாண்டுகிற பைக் எல்லாம் வேண்டாம், பழைய ஸ்கூட்டி ஒன்று போதும். "இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை?", "விழுந்தா இடுப்பு போயிரும்", "வீட்ல ஆம்பளைங்க இல்லையா, கொண்டுபோய் விடமாட்டாங்களா?" இதுதான் கமெண்ட். ஹார்ட் கிடையாது.

நாற்பதுக்கு மேல் வண்டி கத்துக்கிறதை நாம் ஒன்று சாகசமாகக் கொண்டாடுகிறோம், இல்லாவிட்டால் கேலி பண்ணுகிறோம். இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. அது ஒரு சாதாரணத் தேவை. ரேஷன் கார்டு, பேங்க் அக்கவுண்ட் மாதிரி. அதைச் சாதாரணமாகக் கத்துக்க ஓர் இடமும், கத்துக்கொடுக்க ஒரு ஆளும் இல்லாததுதான் பிரச்சினை. வயதை நாம் சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மெயின் ரோட்டில் பஸ் இருக்கு, அதுக்கப்புறம்?

காளையார்கோவில் தெரியாதவர்களுக்கு: மதுரையிலிருந்து சிவகங்கை வழியாகத் தொண்டி போகும் தேசிய நெடுஞ்சாலை 85-ல் இருக்கும் ஊர். சிவகங்கையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். தாலுகா ஆபீஸ், யூனியன் ஆபீஸ், சந்தை, பேங்க், பள்ளிக்கூடம், பெரிய கோயில் எல்லாம் இங்கேதான். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எந்தக் காரியம் என்றாலும் இங்கே வந்துதான் ஆகணும்.

மெயின் ரோட்டில் நின்றால் பஸ் கிடைக்கும். சிக்கல் அந்த ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் இடத்தில் ஆரம்பிக்கும். கண்மாய்க்கரையை ஒட்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே மூணு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர் என்று உள்ளடங்கிக் கிடக்கும் ஊர்கள். காலையில் ஒரு டவுன் பஸ், சாயந்திரம் ஒன்று என்பது போலத்தான் பல ஊர்களின் கணக்கு. அதை விட்டால் ஷேர் ஆட்டோ. அதையும் விட்டால் யாராவது வண்டியில் வருவார்களா என்று விலக்கு ரோட்டில் நிற்கணும்.

இங்கேதான் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துத் திட்டத்தைப் பற்றிப் பேசணும். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மாசம் சில நூறு ரூபாய் மிச்சமாவதை சென்னையில் உட்கார்ந்துகொண்டு சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தான் இலவசம். அதுவும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். விலக்கு ரோட்டிலிருந்து வீடு வரைக்குமான அந்த நாலு கிலோமீட்டருக்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை.

இதற்கு முன்னால் இருந்த திட்டம் வேறு மாதிரி. 2018 பிப்ரவரி 24-ம் தேதி, ஜெயலலிதாவின் 70-வது பிறந்தநாளில், பிரதமர் மோடி சென்னைக்கு வந்து தொடங்கிவைத்த 'அம்மா இருசக்கர வாகனத் திட்டம்'. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறிய பிறகு அது தொடரவில்லை. பஸ்தான் இலவசமாகிவிட்டதே என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம்.

பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மா ஸ்கூட்டர் திட்டத்திலேயே கவனிக்காமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, தொடங்கும்போது அதன் வயது வரம்பு 18 முதல் 40. இரண்டு, விண்ணப்பிக்கும்போதே லைசென்ஸோ எல்.எல்.ஆரோ கையில் இருக்கணும். அதாவது, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த, அல்லது கத்துக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிற, 40-க்குள் இருக்கிற பெண்ணுக்குத்தான் அந்த 25,000. தெரியாதவளுக்குக் கத்துக்கொடுக்கும் வேலையை அரசு வீட்டு ஆண்களிடமே விட்டுவிட்டது.

சைக்கிள் கிடைக்காமல் போன தலைமுறை

இப்போது 40-களில் இருக்கும் கிராமத்துப் பெண்களில் இத்தனை பேருக்கு ஏன் வண்டி வராது? 'பயம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாகத் தெரிகிறது. கொஞ்சம் வருடக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுப்பது 2001 வாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்தது. சில வருடங்களில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. 2005-ல் பிளஸ் ஒன் படித்தவருக்கு இன்றைக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும். அவருக்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் 16 வயதிலேயே சொந்தமாக ஒரு சைக்கிள் வந்தது. பேலன்ஸ் வந்தது. ரோட்டில் தனியாகப் போகும் பழக்கமும் வந்தது. அவர்கள் பின்னாளில் ஸ்கூட்டியில் ஏறும்போது கத்துக்க வேண்டியது ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மட்டும்தான்.

அவர்களுக்கு ஒரு பத்து வருடம் மூத்தவர்கள்? அந்த வயதில் வீட்டில் இருந்த ஒரே சைக்கிளை அண்ணனோ தம்பியோதான் எடுத்துப் போனான். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு?" என்பது அன்றைக்கு அறிவுரை. ஆக, இன்றைக்கு 45 வயதுப் பெண் ஸ்கூட்டியில் தடுமாறுகிறார் என்றால், முப்பது வருடத்துக்கு முன்னால் வராத சைக்கிளின் பாக்கி அது.

இதற்கு ஒரு விதிவிலக்கு பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. புதுக்கோட்டை. 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் கத்துக்கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து படிக்கணும், பாடம் எடுக்கணும் என்றால் நடமாட்டம் வேணும், அதற்கு சைக்கிள் வேணும் என்ற எளிய கணக்கு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கத்துக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டே புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஊர்வலம் இல்லை. நிறைய பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். அதில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் இருக்குமே, அதில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால்! 'பெண்களுக்கான வண்டி' எது என்று கம்பெனியோ அரசோ முடிவு பண்ணுவதற்கு முன்னால் அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள்.

அங்கே கத்துக்கொண்டவர்களில் இளம் பெண்கள் மட்டும் இல்லை. குவாரியில் கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் உண்டு. யாரும் யாரிடமும் வயது வரம்பு கேட்கவில்லை. ஊரே சேர்ந்து கத்துக்கும்போது விழுவதில் வெட்கம் இல்லை. தனியாக ஒருத்தி விழும்போதுதான் அது வேடிக்கை.

"வண்டி பயமில்லத்தா..."

சொந்தத்தில் ஓர் அயித்தை இருக்கிறார். காளையார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். 47 வயது. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு வழக்கு பார்ப்பவர் என்பதால் பேங்குக்கும் யூனியன் ஆபீசுக்கும் வாரம் இரண்டு தடவையாவது வரணும். வீட்டில் மகனுடைய ஸ்கூட்டர் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறது. ஏன் கத்துக்கலைனு கேட்டேன்.

"கத்துக்கப் போனேன்த்தா. ரெண்டு நாளு. 'ஏம்மா, முன்னாடி பாரு, கண்ணு எங்கிட்டு இருக்கு'ன்னு அந்தக் கத்து கத்துறான். கண்மாய்க்கரையில ஆடு மேய்க்கிறவுக பூராம் நின்னு பாக்குறாக. வண்டி பயமில்லத்தா, அவன் கத்துறதுதான் பயமா இருந்துச்சு."

இதைக் கேட்டதிலிருந்து தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். புருஷன், மகன், தம்பி. கத்துக்கொடுக்கும் ஆட்கள் இவ்வளவுதான். எல்லாருக்கும் வண்டி தெரியும், யாருக்கும் கத்துக்கொடுக்கத் தெரியாது. இரண்டும் வேறு வேறு திறமை. சென்னை, கோவை மாதிரி நகரங்களில் பெண்களே பெண்களுக்கு ஸ்கூட்டர் கத்துக்கொடுக்கும் வகுப்புகள் வந்துவிட்டன. சின்ன ஊர் டிரைவிங் ஸ்கூல்களில் பெரும்பாலும் கார்தான். டூவீலர் என்றால் "லைசென்ஸ் எடுத்துத் தர்றோம், ஓட்டக் கத்துக்கிட்டு வந்துருங்க" என்பார்கள்.

சட்டமும் இதைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. நம்ம நாட்டில் டூவீலர் லைசென்ஸுக்கு எந்தக் கட்டாயப் பயிற்சியும் இல்லை. எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து, 8 போட்டுக் காட்டினால் போதும். அந்த 30 நாளில் யாரிடம், எங்கே, எப்படிக் கத்துக்கொண்டாய் என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் 1990-லிருந்து சிபிடி என்று ஒரு கட்டாய அடிப்படைப் பயிற்சி உண்டு. புதிதாக ஓட்ட வருபவர் முதலில் மூடிய மைதானத்தில் பயிற்சியாளரோடு ஓட்டணும், அப்புறம் ரோட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டணும். அது முடிந்தால்தான் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு தனியாக வெளியே போகலாம். 17 வயதுக்காரரும் 57 வயதுக்காரரும் அதே மைதானத்தில் நிற்பார்கள்.

ரிஸ்க் இல்லையா? இருக்கு. யாருக்கு இல்லை?

"அதெல்லாம் சரி, ஆக்ஸிடன்ட் ஆனா?" நியாயமான கேள்வி. மழுப்ப வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடுதான்: 64,105. வயது கூடக்கூட எலும்பு சேரும் வேகம் குறையும், சட்டென்று பிரேக் பிடிக்கும் வேகமும் குறையும். மூட்டு வலி, சர்க்கரை, கண்ணில் புரை என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'வயசு வெறும் நம்பர்' என்று போஸ்டர் போடுவது பொறுப்பில்லாத வேலை.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் ஓட்டியவர்கள் 35,692. மீதி 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

அதாவது பின்சீட் பாதுகாப்பான இடம் இல்லை. ஆனால் 45 வயதுப் பெண்ணை நாம் எங்கே உட்காரவைக்கிறோம்? பின்னால், ஒருபக்கமாக, ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேரக்குழந்தை, தலையில் ஹெல்மெட் இல்லாமல். வேகத்தடை வருவது அவருக்குத் தெரியாது. பிரேக் அவர் கையில் இல்லை. பைக்குகளில் பின்சக்கரத்தை மூடும் கம்பி ஒன்று இருக்குமே, நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது, அது மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க. கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் அதே விதியில் உண்டு. பின்னால் சேலையோடு உட்காருவதற்கு விதிப் புத்தகத்தில் யோசித்து வைத்திருக்கிறார்கள். அவரே முன்னால் வந்து உட்கார ஆசைப்பட்டால் கத்துக்கொடுப்பது யார் என்பதற்குத்தான் ஒரு வரியும் இல்லை.

ஆகவே 'ரிஸ்க்' என்று சொல்லி வண்டியைத் தராமல் இருப்பதால் அவருடைய ரிஸ்க் குறைவதில்லை. அது ஓட்டுபவனின் கைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது தாண்டி புல்லட் வாங்கும் சித்தப்பா எல்லார் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், ரிட்டயர் ஆனவர். காலேஜ் காலத்து ஆசை. அவரிடம் யாரும் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பதில்லை, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். இத்தனைக்கும் இருபது வருடம் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, பழைய நினைப்பில் கனமான பைக்கில் ஏறுபவருக்கும் புதுசாகக் கத்துக்கிற அளவுக்குப் பயிற்சி தேவை. அவருக்கு யார் சொல்வது!

வேலுநாச்சியார் இல்லாமல் எப்படி?

காளையார்கோவில் பற்றி எழுதினால் நாலாவது பத்தியிலாவது வேலுநாச்சியார் வந்தாகணும் என்பது எழுதப்படாத விதி. இவ்வளவு தூரம் தாமதித்ததே பெரிசு. 1772-ல் இதே காளையார்கோவிலில்தான் அவர் கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டார். எட்டு வருடம் கழித்து, 1780-ல், மருது சகோதரர்களோடு வந்து சிவகங்கையை மீட்டார் நாச்சியார். பிறந்தது 1730. அப்படியானால் மீட்டபோது வயது 50. "அம்பது வயசுல குதிரையில வந்து நாட்டையே பிடிச்ச ஊர், இங்க ஸ்கூட்டி ஓட்ட முடியாதா?" என்று ஒரு மீம் போட்டால் ஹிட் ஆகும், தெரியும்.

ஆனால் எனக்கு அந்த ஒப்பீடு முழுசாகப் பிடிக்கவில்லை. நாச்சியார் ஐம்பதில் குதிரையேற்றம் கத்துக்கொள்ளவில்லை. ராமநாதபுரம் அரண்மனையில் ஆண் வாரிசு இல்லாத வீட்டில் ஒரே மகளாக வளர்ந்தவர். குதிரை, வாள், வளரி எல்லாம் சின்ன வயதிலேயே கத்துக்கொடுத்துவிட்டார்கள். தம்பி ஒருத்தன் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஆக, அவர் கதை சொல்வதும் சைக்கிள் கணக்கைத்தான்: சின்ன வயதில் கையில் கொடுத்தால் ஐம்பதிலும் நிற்கும்.

பிந்தித் தொடங்கியவர் என்றால் எனக்கு இந்த வட்டாரத்தில் வேறொருவர்தான் நினைவுக்கு வருகிறார். சிவகங்கையிலிருந்து காளையார்கோவில் வரும் வழியில் இருக்கும் கொல்லங்குடியின் கருப்பாயி. நாட்டுப்புறப் பாடகி. 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் கேமரா முன்னால் வந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் பாட்டியை நம்ம அப்பா அம்மா தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அவருக்கு நடிக்கச் சொல்லித்தர ஓர் இயக்குநரும் ஒரு படப்பிடிப்புக் குழுவும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைக்கணும்.

சரி, கத்துக்கணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

உங்க அம்மாவுக்கோ அயித்தைக்கோ கத்துக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் கத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சைக்கிளே ஓட்டாதவர் என்றால் முதல் இரண்டு நாள் இன்ஜினை ஆன் பண்ணவே வேண்டாம். ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனத்தை முதலில் கை உணரணும். ஸ்டாண்ட் போட்டு எடுப்பது, தள்ளிக்கொண்டு நடப்பது, அப்புறம் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போவது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியணும். பதியாவிட்டால் அவர் உயரத்துக்கு அந்த வண்டி சரியில்லை, வேறு வண்டி பாருங்கள். கிராமத்தில் எக்ஸ்எல் நல்ல தேர்வு. கனம் கம்மி, முன்னால் மூட்டையும் வைக்கலாம். 1980-ல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து அந்த ஜாடை வண்டிகள் தமிழ்நாட்டு வயக்காட்டுக்குப் பழகிவிட்டன.

புதுசாக ஓட்டுபவர்கள் விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். பயந்தால் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும். வலது கை இறுக்கிப் பிடிப்பது ஆக்ஸிலேட்டரை. வண்டி முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் சாயும், மணிக்கட்டு இன்னும் கீழே திரும்பும், வண்டி இன்னும் பாயும். இது தைரியக் குறைச்சல் இல்லை, கையின் இயல்பு. அதனால் வண்டி நகர்வதற்கு முன்னால் 'விடு' என்பதைப் பழக்கணும். ஆக்ஸிலேட்டரை விடு, பிரேக் பிடி. நூறு தடவை. 2019-க்குப் பிறகு வந்த 125 சிசி வரைக்குமான வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்பதால், ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். கத்துக்கிறவருக்கு அது பெரிய உதவி. பழைய வண்டியில் பழகினால் இது இருக்காது, ஞாபகம் வையுங்கள்.

"முன்னாடி பாரு" என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கமே லேசாக ஹேண்டிலைத் திருப்பினால்தான் நிமிரும். முன்சக்கரத்தையே குனிந்து பார்த்தால் உடம்புக்கு அந்தச் சாய்வு தாமதமாகத்தான் தெரியும். தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்தால் உடனே தெரியும். இதைச் சொன்னால் புரிந்துகொள்வார். 45 வயதுக்காரருக்கு இருக்கும் வசதியே அதுதான், காரணம் சொன்னால் பிடித்துக்கொள்வார். 16 வயதுப் பையனிடம் காரணம் சொல்லி ஜெயித்தவர் உண்டா?

சேலையில் ஓட்டலாமா? எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள். முந்தானையை இழுத்துச் செருகணும், கொசுவம் சீட்டுக்குக் கீழே தொங்கக் கூடாது. கத்துக்கிற நாட்களில் சுடிதார் இருந்தால் நல்லது. வீட்டில் அதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும் என்றால் சேலையிலேயே கத்துக்கட்டும். ஹெல்மெட்டில் மட்டும் பேரம் கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை, தாடையில் பட்டி, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

பேப்பர் வேலை: எல்.எல்.ஆர். ஆன்லைனிலேயே, பரிவாகன் தளத்தில் போடலாம். 40 வயதுக்கு மேல் என்றால் டாக்டரிடம் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வாங்கணும். இதைத் தடையாக நினைக்காமல் கண் பரிசோதனைக்கு ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் ஆனதுமே டெஸ்ட்டுக்கு ஓடணும் என்று கட்டாயம் இல்லை. ஆறு மாதத்தையும் பயன்படுத்தட்டும். 8 போடும்போது கால் தரையில் படக் கூடாது. அது வேகத்தில் வராது, மெதுவாக ஓட்டிப் பழகினால்தான் வரும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள், செலவு அதிகமில்லை

மானியம் திரும்ப வரணுமா வேண்டாமா என்பது பெரிய அரசியல். அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று செய்யலாம். ஒவ்வொரு யூனியன் தலைநகரிலும் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அது சும்மாதான் கிடக்கும். நாலு பழைய ஸ்கூட்டர், இரண்டு பெண் பயிற்சியாளர்கள், கொஞ்சம் ஹெல்மெட், முழங்கால் உறை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் ஆட்களைச் சேர்க்கலாம். அந்த வலைப்பின்னல் கிராமம் கிராமமாக ஏற்கெனவே இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அங்கேயே வந்து எல்.எல்.ஆர். முகாம் போடலாம். வயது வரம்பு வேண்டாம். ஊரே சேர்ந்து கத்துக்கொண்டால் வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது. புதுக்கோட்டையில் வேலை செய்த மருந்து இதுதான்.

இதில் அரசுக்கே ஆதாயம் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் 2021-லிருந்து வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்கள் என்று அரசுத் திட்டங்களின் கால்கள் எல்லாம் பெண்களின் கால்கள்தான். அவர்களில் 40 தாண்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நடக்கவிட்டுவிட்டு, திட்டம் ஏன் கடைசி வீட்டுக்குப் போகவில்லை என்று ஆய்வுக் கூட்டம் போடுகிறோம்.

"அம்பதை நெருங்கிட்டேன், இனிமே எடுத்து என்ன பண்ண, எத்தனை வருஷம் ஓட்டப்போறேன்?" என்று கேட்பவர்களுக்கு, சட்டம் சொல்வது இது: 30 முதல் 50 வயதுக்குள் எடுக்கும் லைசென்ஸ் பத்து வருடம் செல்லும். 47-ல் எடுத்தால் 57 வரை. அதற்குப் பிறகு மருத்துவச் சான்றோடு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மேல் வயது வரம்பு என்று ஒன்றை மோட்டார் வாகனச் சட்டம் போடவில்லை.